பழைய எண்ணெய்

ஒவ்வோர் ஆண்டும் புனித வாரத்தில் ஆயர் அர்ச்சிக்கும் புதிய எண்ணெய்களைக் கோட்டாற்றிலிருந்து பங்குக்குக் கொண்டு வருகிறோம். பழையதை என்ன செய்வது என்பதில் நமக்கு ஐயமில்லை. எவர் காலிலும் படாதபடி மரியாதையோடு எரித்துவிட வேண்டும் என்று குருமடத்திலேயே கற்றோம். ஆனால், பங்கு ஜீப்பிலிருந்து வடிக்கப்படும் எண்ணெய் எங்கே போகிறது என்று குருத்துவ வாழ்வில் ஒரு நாளும் நாம் கேட்டதில்லை.

கேட்க வைத்தது ஓர் ஐப்பசி மழை. கொட்டாரத்தில் நமக்கு அறிமுகமான பட்டறை ஒன்றின் முன்னே நின்றோம். மழைநீரின் மேல் ஏழு நிறமும் மினுங்க, எண்ணெய்ப் படலம் ஓடை நோக்கிச் சென்றுகொண்டிருந்தது. ஓடைக்கு அப்பால் வயல். சினம் மேலிட்டது. பட்டறைக்காரர் நம் பங்கைச் சேர்ந்தவரே, பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: “சாமி, ஊத்தக்கூடாதுண்ணு எனக்கும் தெரியும். எங்க கொண்டு குடுக்கணும்ணு சொல்லுங்க, குடுக்கேன்.” பிறகு சற்றுத் தயங்கி, “கூடம் கட்டும்போது சென்ட்ரிங் பலகையில பூச ரெண்டு கேன் வாங்கிட்டுப் போனது நம்ம கோயில் ஆளுதானே?” என்றார்.

உண்மைதான். மலிவாகக் கிடைத்ததென்று கணக்கில் நாமே கையொப்பமிட்டிருந்தோம். மறையுரைக்கென மனத்தில் கோத்து வைத்திருந்த சொற்கள் அங்கேயே உதிர்ந்தன.

சட்டம் என்ன சொல்கிறதென்று தேடிப் படித்தோம். 2016-ஆம் ஆண்டின் அபாயகரக் கழிவு மேலாண்மை விதிகள் வண்டியிலிருந்து வடித்த எண்ணெயையும் அபாயகரக் கழிவாகவே கொள்கின்றன. பொதுவாக 90 நாளுக்கு மேல் சேமித்து வைத்தல் ஆகாது. உரிமம் பெற்றவரிடமே ஒப்படைக்க வேண்டும். அதே ஆண்டு மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் வெளியிட்ட வகைப்பாட்டில் வாகனப் பழுதுபார்க்கும் பட்டறை ஆரஞ்சு வகையில் இடம்பெற்றது. காரணம் வலுவானது. இயந்திரத்துக்குள் சுழன்ற எண்ணெய், தேய்ந்த உலோகத் துகள்களையும் எரிபொருளின் கசடுகளையும் ஏந்திக்கொண்டே வெளிவருகிறது. ஒருமுறை மாற்றும் எண்ணெய் பத்து இலட்சம் காலன் நன்னீரைக் கெடுக்கக்கூடும் என்று அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை எச்சரிக்கிறது. திருத்தைலத்தைப் போல எரித்துவிடலாமே என்றால், துகள்கள் காற்றில் ஏறும், அவ்வளவே. இங்கிருந்து நாகர்கோவில் செல்லும் சாலையில் உள்ள சுசீந்திரம் குளமும் தேரூர்க் குளமும் 2022-இல் ராம்சார் ஈரநிலமாக அறிவிக்கப்பட்டன. பறவைகளுக்காக மகிழ்ந்தோம், நம் ஓடையை நினைக்கவில்லை.

பேட்டரியில் இச்சிக்கல் குறைவு. பழையதைக் கடையில் திருப்பித் தர வேண்டும் என்று 2001-இலேயே விதி வந்தது. கொடுத்தால் புதியதன் விலையும் குறைகிறது. ஆகவே எவரும் அதை ஓடையில் எறிவதில்லை. எண்ணெய்க்கும் விலை உண்டு, ஆனால் தேடி வருபவர் நம்மைப் போன்ற தவறான ஆள். தயாரிக்கும் நிறுவனமே குறிப்பிட்ட பங்கை மறுசுழற்சி செய்யப் பொறுப்பேற்க வேண்டும் என்ற விதி 2024 ஏப்ரலில்தான் நடைமுறைக்கு வந்தது. இலாபம் கண்டவரை விட்டுவிட்டு, கடைசியில் ஸ்பேனர் பிடித்தவனை மட்டும் கண்டிப்பது நீதியாகாது என்றே நமக்குப் படுகிறது. பூமியின் அழுகுரலையும் ஏழையின் அழுகுரலையும் சேர்த்தே கேட்கும்படி திருத்தந்தை பிரான்சிஸ் 2015-இல் எழுதியதை இந்தப் பட்டறை வாசலில்தான் புரிந்துகொண்டோம்.

நாளொன்றுக்கு ஐந்து இருசக்கர வண்டிகள், ஏறக்குறைய ஐந்து லிட்டர். 210 லிட்டர் பீப்பாய் நிறைய நாற்பது நாளுக்கு மேலாகும். ஒற்றைப் பீப்பாய்க்காக லாரி வருமா? எனவே மூன்று பட்டறைக்காரர்களை அழைத்துப் பேசினோம். சிமென்ட் தரை போட்ட ஒரே கொட்டகையில் மூடியிட்ட பீப்பாய்களில் சேர்க்க ஒப்புக்கொண்டார்கள். இப்படிச் சேர்ப்பதற்கு அனுமதி வேண்டுமா, உரிமம் பெற்றவர்கள் யாவர் என்று கேட்டு, நாகர்கோவிலிலுள்ள மாசுக் கட்டுப்பாட்டு வாரிய அலுவலகத்துக்கு அவர்களோடு சேர்ந்து கடிதம் எழுதினோம். ஜீப்பின் எண்ணெயை மாற்றியபோது, கடைசிச் சொட்டு வடியும்வரை அருகிலேயே நின்றோம்.

இப்போது கல்லறைத் தோட்டத்துச் சுவருக்குக் கான்கிரீட் வேலை நடக்கிறது. பலகைக்குப் பூசப் பழைய ஆயில் வேண்டுமெனக் கொத்தனார் கேட்டார். அதற்கென்றே விற்கும் எண்ணெயை வாங்கிக் கொடுத்தோம். பங்குப் பேரவையில் கணக்கு வாசித்தபோது, இந்தச் செலவு எதற்கு என்று ஒருவர் வினவினார். அதைத் தனி வரியாகவே எழுதும்படி சொல்லியிருக்கிறோம்.