‘இல்லை’ என்றது படிவம்!

“இவ்வூர்த் தேநீர்க் கடையில் இரட்டைக் குவளை முறை உண்டா?”

“இல்லை.”

அடுத்த வீடு. அதே கேள்வி. அதே விடை. ஊர்த்தெருவிலும் ‘இல்லை’, காலனியிலும் ‘இல்லை’. படித்தவரும் ‘இல்லை’ என்றார். கைநாட்டு வைத்தவரும் ‘இல்லை’ என்றார்.

2024-ஆம் ஆண்டின் கோடை விடுமுறை அது. கல்லூரி மாணவர் மூவர் நாம். கையில் அச்சடித்த படிவம், பையில் கைப்பேசி, நெஞ்சில் நிறைந்த ஆர்வம், இவற்றோடு ஆற்றுப்பாசன ஊர் ஒன்றிற்குச் சென்றோம். ஊரின் பெயரை இங்கு எழுதவில்லை. ஏன் எழுதவில்லை என்பது போகப் போக விளங்கும். படிவத்திலே இருபது கேள்விகள். அவற்றை விடுதி அறையில் அமர்ந்து, நூல்களைப் புரட்டி, நாமே ஆக்கினோம். ஒவ்வொரு கேள்விக்கும் எதிரே இரண்டே கட்டங்கள்: உண்டு, இல்லை!

மாலைக்குள் படிவங்கள் அடுக்கடுக்காகச் சேர்ந்தன. குவளை பற்றிய கேள்விக்கு ‘இல்லை’ என்ற கட்டமே எங்கும் நிறைந்திருந்தது. மகிழ்ந்தோம். பெரியோர் பட்ட பாடு பலன் தந்தது, இழிவு ஒழிந்தது, இனி எஞ்சியிருப்பது பாராட்டுரை எழுதுவதுதான் என்று கூட எண்ணினோம்!

கடைசி வீட்டு வாசலில் மூதாட்டி ஒருவர் முறத்தில் உளுந்து புடைத்துக்கொண்டிருந்தார். அவரிடமும் கேட்டோம். அவர் சிரித்தார்.

“ரெண்டு குவளை ஏது கண்ணு? ஒண்ணுதான் இருக்கு. கண்ணாடிக் குவளை. அது எங்களுக்கு இல்லை. எங்களுக்குக் காகிதக் கப்பு.”

முறத்தின் ஓசை நின்றது. நம் பேனாவும் நின்றது.

மறுநாள் விடியலில் அந்தக் கடைக்குச் சென்றோம். பெஞ்சில் அமர்ந்திருந்தோர் கையில் கண்ணாடிக் குவளை. வேப்பமர நிழலில் நின்றுகொண்டிருந்தோர் கையில் காகிதக் குவளை. தேநீர் ஒன்று, விலை ஒன்று, கொதித்த பாத்திரமும் ஒன்று. ஆனால், குவளை மட்டும் வேறு!

“எந்தத் தெருவுக்கு வந்திருக்கீங்க, தம்பி?” என்று கேட்டார் கடைக்காரர்.

“காலனிக்கு” என்றோம்.

ஒரு கணம் நம்மை ஏற இறங்கப் பார்த்தார். தேநீர் வந்தது, காகிதத்திலே!

“அண்ணே, எல்லாருக்கும் இதுதானா?” என்றோம்.

“சுத்தம் பாருங்க தம்பி, நோய் நொடி ஒட்டாது.”

“பெஞ்சில் இருப்பவர்களுக்கு ஒட்டாதா?”

“பால் பொங்குது” என்று சொல்லித் திரும்பிக்கொண்டார். பால் பொங்கவில்லை.

நாம் நகரத்தில் வளர்ந்தவர்கள். எத்தனையோ கடைகளில் காகிதக் குவளையில் குடித்திருக்கிறோம். அது ஒரு வசதி என்றே கருதியிருக்கிறோம். கழுவிக் கவிழ்த்து வைக்க வேண்டிய தனிக் குவளையைக் கழுவவே வேண்டாத குவளையாக மாற்றி, குடித்தவர் கையாலேயே குப்பையில் எறியவும் வைத்து, தீண்டாமை தன் தடயத்தைத் தானே அழித்துக்கொள்ளும் தந்திரத்தைக் கற்றுவிட்டது என்பதை அன்றுதான் கண்டோம்.

மக்கள் பொய் சொல்லவில்லை, தோழர்களே! இரட்டைக் குவளை உண்டா என்று கேட்டோம், இல்லை என்றார்கள், உண்மைதான். நம் கேள்விதான் பழையது. கொடுமை ஆடை மாற்றிக்கொண்டு கடையிலே நிற்க, நாமோ அதன் பழைய ஆடையின் அடையாளத்தைச் சொல்லித் தெருத் தெருவாகத் தேடிக்கொண்டிருந்தோம்!

அப்படியானால் கணக்கெடுப்பே வீணா? அன்று! கணக்கு ஒரு படைக்கலம். 1896-இல் அமெரிக்காவின் பிலடெல்பியா நகருக்கு வந்த டபிள்யூ. ஈ. பி. டு போய்ஸ் என்னும் கறுப்பின இளைஞர், ஏழாம் வட்டத்திலே வீடு வீடாக ஏறி இறங்கினார். கறுப்பினத்தாரின் வறுமைக்கு அவர்தம் பிறவிக் குணமே காரணம் என்று பேசியோர்க்கு, வேலை மறுப்பும் நிற வெறுப்பும் அடிமை வரலாறும் காரணம் என்று 1899-இல் நூலாக விடை தந்தார். இந்நாட்டிலே 1931-க்குப் பின் எல்லாச் சாதிகளின் தொகையும் முழுமையாக வெளியிடப்படாததால், 1980-இல் அறிக்கை தந்த மண்டல் ஆணையம் அரை நூற்றாண்டுப் பழங்கணக்கை நம்பியே தன் மதிப்பீட்டைச் செய்ய நேர்ந்தது. 2023 அக்டோபர் 2 அன்று பீகார் அரசு தன் கணக்கை வெளியிட்டபோது, அம்மாநிலத்தின் மிகப் பிற்படுத்தப்பட்டோர் 36.01 விழுக்காடு என்று தெரிந்தது. 2025 ஏப்ரல் 30 அன்று, அடுத்த மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் சாதியும் கேட்கப்படும் என்று ஒன்றிய அரசு அறிவித்தது. எண்ணப்படாதவன் பங்கு கேட்டால், “நீ எத்தனை பேர்?” என்று கேட்டே வாயை அடைத்துவிடலாம் அல்லவா?

ஆனால், எண்ணுக்கு வாய் கிடையாது. ‘இல்லை’ என்ற கட்டத்துக்குள் மூதாட்டியின் சிரிப்பு அடங்கவில்லை. ஆகவே, எண்ணோடு குரலையும் சேர்ப்பது என்று முடிவு செய்தோம்.

வலையொலி என்று தமிழிலும் பாட்காஸ்ட் என்று நடைமுறையிலும் வழங்குவதை நீங்கள் அறிவீர்கள். ஐபாட் என்ற கருவியின் பெயரையும் பிராட்காஸ்ட் என்ற சொல்லையும் ஒட்டி 2004-இல் ஆங்கில இதழாளர் ஒருவர் கட்டிய சொல் அது. வானொலிக்கு நிலையம் வேண்டும், உரிமம் வேண்டும், கோபுரம் வேண்டும். வலையொலிக்குக் கைப்பேசி போதும். விடுதியின் போர்வைகளைச் சன்னலில் தொங்கவிட்டுத் தெரு இரைச்சலைத் தடுத்தோம். அதுவே நம் ஒலிப்பதிவுக் கூடம்! எழுத்தறியாதவரும் கேட்கலாம், நாற்று நட்டுக்கொண்டே கேட்கலாம், இரவுக் காவலில் இருப்பவரும் கேட்கலாம். 1920 சனவரி 31 அன்று அண்ணல் அம்பேத்கர் தொடங்கிய மராத்தி இதழின் பெயர் ‘மூக்நாயக்’, ஊமைகளின் தலைவன் என்று பொருள். அன்று அச்சுக்கூடம் வேண்டியிருந்தது. இன்று அச்சின் செலவும் இல்லையே என்று பூரித்தோம்.

மூதாட்டியிடம் மீண்டும் சென்றோம். “பாட்டி, நீங்கள் பேசுவதைப் பதிவு செய்யலாமா?” என்றோம். தலையசைத்தார். பேசினார். அவர் பெயரை நீக்கினோம், ஊர்ப்பெயரை நீக்கினோம், பதிவை வெளியிட்டோம். பாராட்டு குவிந்தது. “உள்ளத்தை உலுக்கியது” என்று எழுதினார்கள், ஊரையே அறியாதவர்கள்.

ஊரை அறிந்தவர்களும் கேட்டார்கள். குரலுக்கு முகம் உண்டு என்பதை நாம் மறந்தோம், அவர்கள் மறக்கவில்லை. மூதாட்டியின் மகன் மூட்டை தூக்கிவந்த அரிசி ஆலையில், “நாளை முதல் வர வேண்டாம்” என்றார்கள். காரணம் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய தேவையும் இருக்கவில்லை.

பதறினோம். அன்றிரவே பதிவை நீக்கினோம். விடிந்ததும் மன்னிப்புக் கேட்க ஓடினோம். மூதாட்டி நம்மை ஏசவில்லை. ஒன்றே ஒன்று சொன்னார்:

“போட்டப்பவும் என்னைக் கேட்டுப் போடலை, எடுத்தப்பவும் என்னைக் கேட்டு எடுக்கலை.”

கேட்டோமே என்று சொல்ல வாயெடுத்தோம்; சொற்கள் வரவில்லை. பதிவு செய்யலாமா என்றுதான் கேட்டோம். அப்பதிவு எங்கெல்லாம் செல்லும், யார் யார் காதில் விழும், விழுந்தால் என்ன நேரும் என்று சொன்னோமா? இல்லை. நீக்கும்போது, “உங்கள் சொல் நிற்க வேண்டுமா, போக வேண்டுமா?” என்று கேட்டோமா? அதுவும் இல்லை. அவருக்காகப் பேசப் புறப்பட்டு, அவரைப் பேசவைத்ததும் நாமே, வாயடைத்ததும் நாமே! பெஞ்சில் அமர்ந்தவர் நின்றவருக்காக முடிவெடுக்கும் அந்தப் பழைய வழக்கத்தை, சமூகநீதி என்ற பெயரால் நாமும் அல்லவா செய்துவிட்டோம்!

மகனுக்கு வேறு ஊரில் வேலை கிடைக்க இரண்டு மாதங்கள் ஆயின. அந்த இரண்டு மாதக் கூலியைப் பாராட்டியவர் எவரும் தரவில்லை. தரும் நிலையில் நாமும் இல்லை. இக்கடனை மறைத்துவிட்டு வெற்றிக் கதை எழுத மனம் ஒப்பவில்லை.

டு போய்ஸுக்கும் இப்படி ஒரு பாடம் கிடைத்தது. தம்மை விந்தைப் பொருளாக ஆராய வந்தவரைப் பிலடெல்பியாவின் கறுப்பின மக்கள் ஆவலோடு வரவேற்கவில்லை என்பதைப் பின்னாளில் அவரே ஒப்புக்கொண்டார். தம் இனத்தவருக்கே அந்த நிலை என்றால், நகரத்திலிருந்து இரண்டு நாள் வந்துபோன நமக்கு?

இரண்டாம் முறை படிவத்தை நாம் எழுதவில்லை. காலனிப் பெண்கள் கூடி அமர்ந்து சொன்னார்கள், நாம் எழுதிக்கொண்டோம். ‘உண்டா, இல்லையா’ என்ற கட்டங்கள் போயின. “கடைசியாகக் கடையில் தேநீர் குடித்தது என்று? எதில் குடித்தீர்கள்? அருகே இருந்தவர் எதில் குடித்தார்? அமர்ந்தீர்களா, நின்றீர்களா? மீதிச் சில்லறையைக் கையில் தந்தார்களா, பலகையில் வைத்தார்களா?” என்பன புதிய கேள்விகள். ஊர்த்தெருவிலும் இவற்றையே கேட்டோம். இருபுற விடைகளையும் எதிரெதிரே வைத்தபோது, விளக்கம் எதுவும் தேவைப்படவில்லை. எவர் பெயரும் அதில் இல்லை; எவர் ஒருவரையும் பிடித்து, “நீதானே சொன்னாய்?” என்று கேட்க வழியும் இல்லை. தனிக்குரலுக்கு இல்லாத காப்பு, கூட்டுக் கணக்கிற்கு உண்டு!

வலையொலியும் மாறியது. எதைச் சொல்லலாம், எதை விடலாம், யார் குரலில் சொல்லலாம் என்பதை அப்பெண்களே முடிவு செய்தார்கள். மூதாட்டியின் சொற்களை, அவர் இசைவுடன், நம்முள் ஒருத்தி படித்தாள். வெளியிடும் முன் அவர்களுக்கே போட்டுக் காட்டினோம். “இது வேண்டாம்” என்றதை வெட்டினோம். அவர்கள் ‘சரி’ என்ற பின்னரே அது ஊரைவிட்டு வெளியே சென்றது.

பொது உணவுக் கடையில் மக்களுக்காக வைத்திருக்கும் பாத்திரத்தைத் தீண்டாமை காரணமாக ஒருவருக்கு மறுப்பது குற்றம் என்று 1955-ஆம் ஆண்டுச் சட்டம் கூறுகிறது. அதைச் சுட்டி, கணக்கை இணைத்து, திங்கட்கிழமைக் குறைதீர்ப்பு நாளில் காலனிப் பெண்களே மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் மனுக் கொடுத்தார்கள். நாம் பின்னால் நின்றோம். நிற்க வேண்டிய இடம் அதுதான்.

விளைவு என்ன என்று கேட்பீர்கள். அதிகாரிகள் வந்தார்கள், விசாரித்தார்கள். அடுத்த வாரம் கடையிலே கண்ணாடிக் குவளைகளைக் காணோம். எல்லோருக்கும் காகிதக் குவளை! சமத்துவம் வந்துவிட்டது என்று நம்முள் ஒருவர் கைதட்டியே விட்டார்.

தோழர்களே! உங்கள் பையிலும் கைப்பேசி இருக்கிறது. கணக்கெடுக்கச் செல்லுங்கள்; குரலைப் பதியச் செல்லுங்கள். ஆனால், கேள்வியை அவர்களிடம் கேட்டு எழுதுங்கள். விடையை அவர்களிடம் கேட்டு வெளியிடுங்கள். அதனால் வரும் துன்பம் யார் தலையில் விழும் என்பதை முன்னதாகவே அவர்களிடம் சொல்லுங்கள். இம்மூன்றும் செய்ய நேரமில்லை என்றால், வீட்டிலேயே இருங்கள். அது அவர்களுக்குச் செய்யும் சிறு உதவி.

காகிதக் குவளைச் செய்தியை மூதாட்டியிடம் சொல்லச் சென்றோம். முறத்திலிருந்து தலை நிமிராமலே கேட்டார்:

“சரி கண்ணு, பெஞ்சு?”

மூன்றாம் படிவம் அணியமாகிக்கொண்டிருக்கிறது. முதற் கேள்வி, அவருடையது.