எண்ணப்பட்டவர்கள்

சென்ஸஸ் அறிக்கைகளிலிருந்து மேற்கோள் காட்டுகிறவர்கள் நிறையப் பேர். உட்கார்ந்து வாசித்தவர்கள் குறைவு. இரண்டு வருஷங்களாகச் சென்னை நகரத்தின் பழைய ஜனத்தொகை அறிக்கைகளை வாசித்துக்கொண்டிருக்கிறேன். இதை ஆராய்ச்சி என்று சொல்ல முடியாது. பட்டம் எதுவும் கிடைக்கப்போவதில்லை. நாவலுக்குத் தகவல் திரட்டுகிறாயா என்று நண்பர்கள் கேட்கிறார்கள். அதுவும் இல்லை. புள்ளிவிவரம் செத்தது, இலக்கியம் உயிருள்ளது என்று நம் வட்டத்தில் நிலவும் சௌகரியமான பிரிவினையில் எனக்கு ஏற்பட்டுவிட்ட சந்தேகம்தான் காரணம்.

இங்கிலாந்தில் 19ஆம் நூற்றாண்டின் நடுவிலிருந்து, வீடு வீடாக ஆட்களின் பெயரெழுதிய ஏடுகளே பெரும்பாலும் தங்கியிருக்கின்றன. லண்டனில் ஒரு தெருவை எடுத்துக்கொண்டு, இன்ன வீட்டுத் தையல்காரியின் வயதென்ன, பிறந்த ஊர் எது, அங்கே ஒண்டுக்குடி இருந்தவன் யார் என்று இன்றைக்கும் படித்துவிடலாம். நமக்கு அந்த வசதி இல்லை. கூட்டி முடித்ததும் மூலத்தாள்களை இங்கே காப்பாற்றி வைக்கவில்லை. மிஞ்சியவை அட்டவணைகள். பெயர் உதிர்ந்துவிட்டது, சாதி, மதம், தொழில், வயது நின்றுவிட்டன. ஒருவனுடைய பெயரை விட்டுவிட்டு அவன் சாதியை மட்டும் நூற்றைம்பது வருஷமாக வைத்திருக்கும் ஆவணம் இது. இதை மறந்துவிட்டு ஒரு நகரத்தின் சமூக வரலாற்றை எழுத உட்காரக் கூடாது.

1871ல் சென்னையின் ஜனத்தொகை 3,97,552. 1881 பிப்ரவரி 17ந் தேதி இரவு எண்ணியபோது 4,05,848. பத்து வருஷத்தில் 8,296 பேர் கூடுதல். பள்ளிக்கூடக் கணக்குப்போல் சாதுவான எண். ஆனால் இந்தப் பத்து வருஷத்தின் நடுவில்தான் 1876–78 பஞ்சம் இருக்கிறது. நம் வீடுகளில் தாது வருஷப் பஞ்சம் என்று சொல்லப்படுவது. ராஜதானி முழுவதையும் சேர்த்துப் பார்த்தால் 1881ல் தலைகள் 1871ஐவிடக் குறைவு. பட்டணத்துக்கு நடந்து வந்தவர்கள், வந்து சேராதவர்கள், வந்து செத்தவர்கள், திரும்பிப் போனவர்கள், பிறக்காமலே போன குழந்தைகள் எல்லாம் ஒன்றையொன்று கழித்துக்கொண்டு இந்த 8,296க்குள் அடங்கிவிட்டார்கள்.

என் பாட்டியின் பாட்டி அப்படி வந்தவள். செங்கல்பட்டுக்குத் தெற்கே ஏதோ ஊர். அவள் பெயர் யாருக்கும் தெரியாது. ‘பஞ்சத்திலே வந்தவ’ என்பதுதான் எங்கள் வீட்டில் அவளுக்குப் பெயர். கூட வந்த குழந்தைகள் இரண்டில் ஒன்று வழியில் போயிற்று என்று பாட்டி சொல்வாள். ஆணா பெண்ணா என்று கேட்டால் பேச்சை மாற்றிவிடுவாள். 1881ன் அந்த இரவில் அவள் இந்த ஊரில் எங்கோ படுத்திருக்க வேண்டும். அக்காலக் கணக்கெடுப்புகளில், பெண்களின் பெயரைச் சொல்ல வீட்டார் தயங்கினால் ‘பெண்’ என்று மட்டும் எழுதிக்கொள்ள விதியில் இடமிருந்தது. ஆக, தாளே கிடைத்திருந்தாலும் அவள் பெயர் கிடைத்திருக்கும் என்று நிச்சயமில்லை. வீடும் சர்க்காரும் அவளிடம் ஒரே மாதிரிதான் நடந்துகொண்டிருக்கின்றன.

வயது அட்டவணையைப் பாருங்கள். 20, 25, 30, 40 என்ற எண்களில் கூட்டம் நெரிகிறது. 29, 31, 39, 41 வெறிச்சென்று கிடக்கின்றன. அப்பட்டமான பொய். நிபுணர்கள் இதைப் பிழை என்று சொல்லி, சூத்திரம் போட்டுச் சமன் செய்கிறார்கள். அவர்கள் காரியத்துக்கு அது தேவை. எனக்கு அந்த மேடுதான் தேவை. வாசலில் நின்று ஒருவன் வயசென்ன என்று கேட்கிறான். பஞ்சத்துக்கு முந்தி, பெரிய புயலுக்குப் பிந்தி என்று வேறொரு கணக்கில் வாழ்கிறவள் என்ன சொல்வாள்? ஒரு முப்பது இருக்கும். அவன் எழுதிக்கொள்கிறான். இரண்டு காலங்கள் முட்டிக்கொண்டது அந்த முப்பதில் இருக்கிறது. சமன் செய்த அட்டவணையில் இல்லை.

சாதிக் கட்டமும் இப்படித்தான். வெள்ளைக்காரன் வந்து நம்மைக் கட்டங்களில் அடைத்தான் என்பது இப்போது எல்லோரும் சொல்வது. பாதி உண்மை. சாதி விஷயத்தில் இங்கே எவரும் எவரோடும் ஒத்துப்போவதில்லை என்று 1871 அறிக்கையைத் தயாரித்த சுகாதார அதிகாரி கார்னிஷே அலுத்துக்கொள்கிறார். கட்டம் அவர்கள் போட்டது. அதற்குள் என்ன எழுதுவது என்பதில் இங்குள்ளவர்கள் சண்டை போட்டார்கள். பள்ளிகள் என்று எழுதப்பட்டவர்கள் வன்னியகுல க்ஷத்திரியர் என்று எழுதச் சொல்லி மனுக்கொடுத்தார்கள். 1911 கணக்கெடுப்பை ஒட்டி, ராயப்பேட்டையிலிருந்து ‘தமிழன்’ பத்திரிகை நடத்திய அயோத்திதாசர், தம் மக்கள் பௌத்தர் என்று பதிந்துகொள்ள வேண்டும் என்று வற்புறுத்தினார். ஒரு தரப்பு படியில் மேலே ஏறக் கேட்டது. இன்னொன்று படிக்கட்டே வேண்டாம் என்றது. அடுத்தடுத்த அறிக்கைகளில் ஒரு பெயர் சுருங்கி இன்னொன்று பெருகுவதை வைத்துக்கொண்டு, இன்ன சாதி குறைந்தது, இன்னது வளர்ந்தது என்று எழுதுகிறவர்கள், ஒரு சமூகத்தின் வாக்குவாதத்தைப் பிறப்பு இறப்பாகப் படிக்கிறார்கள்.

இரண்டு கணக்கெடுப்புகளுக்கு நடுவில் நடந்து முடிந்துவிடுகிறவையும் உண்டு. 1941ல் 7,77,481 பேர், 1951ல் 14,16,056. 1942 ஏப்ரலில் விசாகப்பட்டணத்தில் ஜப்பான் குண்டு விழுந்ததும் சென்னை காலியாகத் தொடங்கியது. வீட்டைப் பூட்டிக்கொண்டு ரயிலேறினார்கள். பிறகு திரும்பினார்கள். ஊரே போய் ஊரே வந்தது எந்த அட்டவணையிலும் ஏறவில்லை. 1946ல் சைதாப்பேட்டை போன்ற இடங்கள் எல்லைக்குள் சேர்க்கப்பட்டதால், இருந்த இடத்தைவிட்டு நகராமலே சென்னைக்காரர்கள் ஆனவர்களும் 1951ன் எண்ணில் இருக்கிறார்கள். கிட்டத்தட்ட இரட்டிப்பு என்று சொல்லிவிடலாம். சொன்னால் ஒன்றும் சொன்னதாகாது.

2021ல் நடக்கவேண்டிய கணக்கெடுப்பு தள்ளிப்போயிற்று. 2027 மார்ச் 1ந் தேதியை ஆதாரமாக வைத்து எண்ணப்போவதாகவும், சாதி கேட்கப்படும் என்றும் 2025ல் அறிவித்தார்கள். எல்லாச் சாதிகளையும் எண்ணி வெளியிட்டது கடைசியாக 1931ல். சாதியை எண்ணலாமா கூடாதா என்பதில் நம்மிடையே அபிப்பிராய பேதம் இருக்கலாம். என் யோசனை அதைவிடச் சின்னது. கணக்கெடுப்பவர் வந்துபோன அன்று, நம்மில் எழுதுகிறவர்கள் தத்தம் வீட்டைப் பற்றி ஒரு பக்கம் எழுதிவைக்க வேண்டும். யார் பதில் சொன்னார்கள், யார் பெயரை வேறொருவர் சொன்னார், எந்தக் கேள்விக்கு எல்லோரும் யார் முகத்தைப் பார்த்தார்கள். கதையாக்க வேண்டாம். தேதி போட்டு வைத்தால் போதும். அட்டவணையை வாசிக்க உட்காருகிறவனுக்குப் பக்கத்தில் வைத்துக்கொள்ள ஒரு தாளாவது இருக்கும்.