தாள் வேறு, மதிப்பு வேறு

நோட்டு கைக்கு வந்ததும் விரலால் தடவிப் பார்ப்பேன். வெளிச்சத்தில் நீர்க்குறியைத் தேடுவேன், ஊதா விளக்கில் காட்டுவேன், அதன் பிறகுதான் எண்ணுவேன். ஜார்ஜ்டவுன் லிட்டில் இந்தியாவில் பணமாற்றுத் தொழில் செய்கிறவர்கள் எல்லாருக்கும் இது பழக்கம். தாளைச் சோதிக்க இத்தனை வழி உண்டு. ஆனால் நாங்கள் வாங்கி விற்பது தாளின் மதிப்பை. அது எந்த விளக்கிலும் தெரியாது. தொட முடியாத ஒன்று உண்மையில் இருக்க முடியுமா என்று கேட்டால், சாமியையும் ஆவியையும் துணைக்கு அழைக்காமலே முடியும் என்பேன்.

1999 ஜூலை 1-ஆம் தேதி எங்கள் மலேசியாவில் 500 வெள்ளி, 1000 வெள்ளி நோட்டுகள் செல்லாமல் போயின. முதல் நாள் இரவுக்கும் மறுநாள் காலைக்கும் இடையில் தாளில் ஓர் இழைகூட மாறவில்லை. ஜப்பானியர் இங்கே ஆண்ட காலத்தில் வெளியிட்ட வாழைமர நோட்டின் கதையும் 1945-இல் அப்படித்தான் முடிந்தது. தாள் மிஞ்சியது, பணம் போய்விட்டது.

இதற்கு நேர்மாறும் நடக்கிறது. சிங்கப்பூர் டாலரும் புருணை டாலரும் வேறு வேறு தாள். ஆனாலும் 1967-இல் செய்த ஒப்பந்தப்படி அந்த இரு நாடுகளிலும் இன்றுவரை சரிக்குச் சரி செல்கின்றன. நம் ஊரில் 2008 ஏப்ரல் முதல் ரொக்கமாகக் கட்டும் பில்லை 5 காசுக்குச் சரிக்கட்டுகிறார்கள். கார்டில் கட்டுகிறவருக்கோ அந்த ஒரு காசும் இரண்டு காசும் கணக்கில் ஏறுகின்றன. நாணயம் கைமாறாமலே காசு கைமாறுகிறது.

எல்லாரும் சேர்ந்து செய்யும் கற்பனைதானே இது என்று சிலர் கேட்பார்கள். என் கற்பனை என் இஷ்டத்துக்கு வளையும். டாலர் விலை வளையாது. நான் தூங்கினாலும் அது ஏறும், மறுத்தாலும் இறங்கும். அதே சமயம் அது மனிதரை விட்டுத் தனியே நிற்பதும் இல்லை. சட்டம், வங்கி, கணக்கேடு, கொடுத்த வாக்கு எல்லாம் அழிந்தால் மதிப்பும் அழியும். ஒன்றைச் சார்ந்து இருப்பது வேறு, அதுவாகவே இருப்பது வேறு.

இன்னும் உறுதியான ஒன்றும் என் கல்லாவில் இருக்கிறது. 1998 செப்டம்பர் முதல் 2005 ஜூலை வரை ஓர் அமெரிக்க டாலர் 3.80 வெள்ளி என்று அரசு கட்டி வைத்திருந்தது. பிறகு அதுவே அவிழ்த்துவிட்டது. விலையைக் கட்டவும் அவிழ்க்கவும் அரசால் முடிந்தது. அந்த விலையில் 100 டாலருக்கு 380 வெள்ளி என்ற கணக்கை 381 ஆக்க எந்த அரசாலும் முடியாது. மதிப்புக்கு மனிதரின் உடன்பாடு வேண்டும். கணக்குக்கு அதுவும் வேண்டாம். இரண்டுமே பொருள் அல்ல, இரண்டுமே இருக்கின்றன.

அதனால்தான் கள்ள நோட்டைப் பிடிப்பதையும் சில்லறையைச் சரியாக எண்ணித் தருவதையும் நான் சின்ன வேலையாக நினைப்பதில்லை. கணக்கு தன்னைத் தானே பார்த்துக்கொள்ளும். மதிப்பை மனிதர்கள்தான் காப்பாற்ற வேண்டும். அந்தக் காவலில் என் கடைக்கும் ஒரு பங்கு இருக்கிறது.