கயிறு பிடிக்க ஆள் வேண்டும்!

எங்கள் வீட்டு மொட்டை மாடியில் துணி காயப் போடும் கொடிக்கயிறு லேசுப்பட்ட கயிறு இல்லை. பாறை ஏறுபவர்களுக்கென்றே நெய்த நைலான் கயிறு. ஃபாரின் சரக்கு. 2012-ல் என் சம்பளத்தில் பாதியைக் கொடுத்து வாங்கினேன். இன்று அதில் என் பனியன் ஆடிக்கொண்டிருக்கிறது.

பி.காம். படித்தவன் என்பதால் இதற்கு என்னிடம் ஒரு விளக்கம் உண்டு. தேய்மானம்! பீரோவில் வைத்துப் பூட்டினாலும் இந்த மாதிரிக் கயிற்றுக்குப் பத்து வருஷத்துக்கு மேல் ஆயுள் இல்லை என்று தயாரிப்பவர்களே சொல்லிவிடுகிறார்கள். அதற்குப் பிறகு அதன் ஸ்க்ராப் மதிப்பு நாலு பனியன், ரெண்டு துண்டு.

2024 டிசம்பரில் ஒருநாள் துணி எடுக்கப் போனவன், கயிற்றைப் பார்த்தபடி நின்றுவிட்டேன். 'இதைப் பிடித்துத் தொங்கியவர்கள் எல்லாம் இப்போது எங்கே?' என்று தோன்றியது. அவர்களை மறுபடி ஒரு பாறைக்கு அடியில் கூட்டினால் என்ன?

கொஞ்சம் ஃப்ளாஷ்பேக். 2011-ல் பெங்களூரில் ஒரு கம்பெனியில் அக்கவுன்ட்ஸ் வேலை. மடிவாளாவில் ரூம். ஞாயிற்றுக்கிழமைகளில் ரூம்மேட்கள் பிரியாணிக்கு க்யூவில் நிற்பார்கள். நான் மட்டும் ராமநகரம் போய்ப் பாறையில் ஒட்டிக்கொள்வேன். வார நாட்களில் ஆபீஸ் முடிந்ததும் கண்டீரவா ஸ்டேடியத்தில் பயிற்சி. அங்கே ஏறிப் பழகவென்றே ஒரு செயற்கைச் சுவர் உண்டு. அங்கே பழக்கமானவர்கள்தான் எங்கள் கோஷ்டி. சங்கம் இல்லை, தலைவர் இல்லை. அதனால் சண்டையும் இல்லை.

குரு ஒருவர் உண்டு. மாஸ்டர் என்போம். ரிட்டயரான கன்னடக்காரர். சினிமா பார்த்தே தமிழ் கற்றவர் என்பதால், கயிறு கட்டச் சொல்லும்போதுகூடப் பஞ்ச் டயலாக் மாதிரி இருக்கும். நட்சத்திர வீரன், உடுமலைப்பேட்டையிலிருந்து வந்த பல்லி. நிஜப் பெயர் அவன் ரேஷன் கார்டுக்கு மட்டும்தான் தெரியும். சுவரைப் பார்த்தால் ஒட்டிக்கொள்வான். என்னை எல்லோரும் 'கணக்குப்பிள்ளை' என்பார்கள்.

ராமநகரம், பெங்களூரிலிருந்து மைசூர் போகும் வழியில் சுமார் ஐம்பது கிலோமீட்டர். 1975-ல் வந்த 'ஷோலே' படத்தில் கப்பர்சிங் கர்ஜித்தாரே, அந்தப் பாறைகள் இங்கேதான் இருக்கின்றன. வெள்ளைக்காரன் காலத்தில் ஊருக்கு க்ளோஸ்பேட்டை என்று பெயர். அதனால் பாறைக்கும் 'க்ளோஸ்பெட் கிரானைட்' என்று புவியியல்காரர்கள் பெயர் வைத்துவிட்டார்கள். வயது சுமார் 250 கோடி வருஷம். அத்தனை வயசான ஆசாமியின் முதுகில் ஏறுகிறோமே என்று ஆரம்பத்தில் கூச்சமாக இருக்கும். நாலு தடவை முட்டி சிராய்த்தபின் கூச்சம் போய்விடும்.

பாறை ஏறுவது என்றால் ஏதோ பயில்வான் வேலை என்று நினைத்துவிடாதீர்கள். கையை நம்பி ஏறுகிறவன் பத்து நிமிஷத்தில் புஜம் வீங்கி இறங்கிவிடுவான். விஷயம் தெரிந்தவன் காலை நம்புவான். அதைவிட விஷயம் தெரிந்தவன், கீழே கயிறு பிடிக்கிறவனை நம்புவான். இந்தக் கயிறு பிடிக்கும் உத்தியோகத்துக்கு 'பிலே' என்று பெயர். ஏறுகிறவன் இடுப்பிலிருந்து கயிறு உச்சிக்குப் போய், அங்கே வளையத்தில் திரும்பி, கீழே நிற்பவனின் இடுப்பில் உள்ள ஒரு சின்னக் கருவி வழியாக வரும். அதற்கு அப்பால் இருக்கிற கயிற்றைப் பிடிப்பது 'பிரேக் கை'. மேலே இருப்பவன் வழுக்கினால் அந்தக் கைதான் அவன் உயிர். வேதம் ஒன்றுதான்: என்ன நடந்தாலும் பிரேக் கையை எடுக்காதே.

நான் எடுத்தேன்.

2014 ஜனவரி. மற்றவர்கள் அடுத்த பாறைப் பக்கம் டிபன் பொட்டலம் பிரித்துக்கொண்டிருந்தார்கள். பல்லி முப்பதடி உயரத்தில். கீழே கயிற்றோடு நான். சட்டைப் பையில் செல்போன் அடித்தது. மேனேஜராக இருந்தால்? வலது கையை இரண்டே இரண்டு விநாடி எடுத்தேன்.

"சார், உங்களுக்குப் பர்சனல் லோன் தேவைப்படுதா?"

அந்த இரண்டு விநாடியில் பல்லியின் கால் வழுக்கியது. கயிறு என் இடது உள்ளங்கையைச் சுட்டுக்கொண்டு ஓடியது. மறுபடி நான் எட்டிப் பிடிப்பதற்குள் அவன் பன்னிரண்டடி கீழே ஒரு திட்டில் போய் விழுந்திருந்தான். கணுக்கால் முறிந்தது.

சத்தம் கேட்டு எல்லோரும் ஓடி வந்தார்கள். நான் வாயைத் திறப்பதற்குள் பல்லி முந்திக்கொண்டான். "நாந்தான்... ரெடியான்னு கேக்காம ஏறிட்டேன். அவன் மேல தப்பில்ல."

யாரும் மேலே கேட்கவில்லை. நானும் மறுக்கவில்லை. உண்மை தொண்டை வரை வந்து அங்கேயே குடியிருந்துவிட்டது. வாடகை பாக்கி பதினோரு வருஷம். மூன்று வாரம் கழித்து அவன் தங்கை கல்யாணம். அந்த ஆல்பத்தில் மாப்பிள்ளை பக்கத்தில் ஊன்றுகோலோடு நிற்கிறான். சிரித்துக்கொண்டுதான் நிற்கிறான். அதுதான் கஷ்டம்.

பிறகு அவன் கோயமுத்தூர் போனான். நான் சென்னை வந்தேன். கோஷ்டி கொஞ்சம் கொஞ்சமாகக் கலைந்தது.

ஆக, துணி எடுக்கப் போன இடத்தில் எனக்கு வந்த யோசனை வெறும் பழைய நண்பர்கள் சந்திப்பு இல்லை. உங்களிடம் சொல்ல என்ன வெட்கம்?

பழைய டைரியில் இருபத்தாறு நம்பர்கள். ஒவ்வொருவராகப் போன் செய்தேன். "சூப்பர் ஐடியா மச்சான்!" என்றவர்கள் இருபத்து மூன்று பேர். தேதி சொன்னதும் பதினைந்து ஆனார்கள். காலை ஐந்து மணி என்றதும் பதினொன்று. ஒருவருக்கு முட்டி. ஒருவருக்கு மாமியார். ஒருவர் ரகசியக் குரலில், "இப்ப எண்பத்தெட்டு கிலோ. கயிறு தாங்குமா?" என்றார். கயிறு தாங்கும், ஷூதான் தாங்காது என்றேன். அவர் வரவே இல்லை. கடைசியில் தேறியது ஒன்பது பேர். ஆளுக்கு ஆயிரத்து ஐந்நூறு போட்டு அறுபது மீட்டர் புதுக் கயிறு வாங்கினோம். வரவு செலவு இன்னும் என்னிடம் இருக்கிறது. யாரும் கேட்கவில்லை.

பல்லிக்கு மட்டும் மூன்று தடவை நம்பர் போட்டு, மணி அடிக்கும் முன் கட் செய்தேன். நாலாவது தடவை அவனே எடுத்துவிட்டான். விஷயத்தைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு ஒரே கேள்வி:

"கயிறு யாரு புடிக்கறது?"

"மாஸ்டர்" என்றேன்.

"செரி, வர்றேன்."

அந்தக் கேள்வியோடு இரண்டு வாரம் தூங்கினேன். தூங்கினேன் என்பது சும்மா ஒரு பேச்சுக்கு.

இடம் பிடிப்பது அடுத்த வேலை. நாங்கள் பழகிய ராமதேவர பெட்டா பக்கம் நினைத்த இடத்தில் ஏற முடியாது. 2012-ல் அது பிணந்தின்னிக் கழுகுகளுக்கான சரணாலயம் ஆகிவிட்டது. வருத்தப்பட ஒன்றும் இல்லை. மாட்டுக்குப் போட்ட டைக்ளோஃபெனாக் என்ற வலிமருந்து, செத்த மாட்டின் வழியாகக் கழுகுக்குப் போய், அதன் சிறுநீரகத்தைக் கெடுத்துக் கூட்டம் கூட்டமாகக் கொன்றது. 2006-ல் மாட்டுக்கு அந்த மருந்து போடுவதைத் தடை செய்தார்கள். மிச்சம் இருந்த கழுகுகளை ராமநகரத்தில் விரல் விட்டு எண்ணலாம். வருஷத்துக்கு ஒரே ஒரு முட்டை, அதுவும் செங்குத்துப் பாறை இடுக்கில். அந்தப் பாறையில் எங்களைவிட அதற்குத்தான் சீனியாரிட்டி.

அதனால் ஊருக்கு மறுபக்கம் வேறொரு சின்னப் பாறை. அடிவாரத்தில் கேழ்வரகுக் கொல்லை. மாஸ்டர் முன்கூட்டியே போய் கொல்லைக்காரரிடம் அனுமதி கேட்டார். பணம் வேண்டாம் என்றாராம். ஒரே நிபந்தனை, பாட்டில் கூடாது. போன தடவை வந்த யாரோ உடைத்துப் போட்ட கண்ணாடி அவர் பசுவின் காலைக் கிழித்திருக்கிறது. (அந்தப் பாறையின் பெயரை எழுத மாட்டேன். பசு பாவம்.)

2025 ஜனவரியில் ஒரு ஞாயிறு. கெங்கேரி தாண்டும்போதே பல் தந்தியடித்தது. 2023-ல் புது எக்ஸ்பிரஸ்வே வந்த பிறகு கார்கள் பிடதியைத் தொடாமலே மைசூருக்குப் பறக்கின்றன. அதே வருஷம் ஆகஸ்டிலிருந்து அதில் பைக்குக்கு இடமில்லை. எங்களில் நாலு பேர் பைக் என்பதால் எல்லோருமே பழைய ரோடு. நல்லதாகப் போயிற்று. பிடதியில் தட்டே இட்லி கிடைத்தது. சாப்பாட்டுத் தட்டின் சின்னத் தம்பி மாதிரி ஒரு இட்லி, மேலே வெண்ணெய். "ரெண்டுக்கு மேல வேணாம். வெயிட்டா ஏறினா பாறைக்கு வலிக்கும்" என்றார் மாஸ்டர். வயசு எழுபதைத் தொடுகிறது. பன்ச் குறையவில்லை.

பாறைக்கு அடியில் பல்லி எங்களுக்கு முன்பே வந்து நின்றான். நைட் பஸ்ஸில் வந்திருக்கிறான். கூட ஏழு வயது மகள். அவனுக்கு முன்வழுக்கை. எனக்குத் தொப்பை. "என்றா, கணக்குப்பிள்ள!" என்று முதுகில் ஒரு அறை விட்டான். நடந்தபோது கவனித்தேன். இடது கால் லேசாக இழுத்தது.

குளிரிலேயே ஏற வேண்டும். வெயில் ஏறினால் கிரானைட் சுடும், கை வேர்க்கும், பிடி வழுக்கும். ஒருவர் பாறைக்குப் பூஜை போட ஊதுவத்தி கொளுத்தினார். மாஸ்டர் பாய்ந்து வந்து அணைத்தார். அண்ணாந்தால் பாறையின் நெற்றியில் முறம் மாதிரி இரண்டு மலைத்தேன் கூடுகள். புகை, செண்ட், கூச்சல் மூன்றும் அதற்கு ஆகாது. அதன்பின் ஒன்பது பேரும் லைப்ரரியில் பேசுவது போலத்தான் பேசினோம்.

மாஸ்டர் சுற்றுவழியாக உச்சிக்குப் போய், தனித்தனியாக இரண்டு இடத்தில் கயிற்றைக் கட்டினார். ஒன்று விட்டாலும் இன்னொன்று பிடிக்கும், பாங்க் லோனுக்கு இரண்டு ஜாமீன்தாரர் கேட்பது மாதிரி. பிறகு கீழே வந்து பிலே பிடித்தார். ஒவ்வொருவராக ஏறினோம். ஏறினோம் என்பதைவிடத் தவழ்ந்தோம் எனலாம். பழைய ஷூவுக்குள் போக என் கால்விரல்கள் மறுத்தன. பாதியில் என் முட்டிகள் இரண்டும் தையல் மிஷின் மாதிரி ஆடின. கீழே எல்லோரும் சத்தமில்லாமல் சிரித்தார்கள்.

இறங்கி உட்கார்ந்ததும் பல்லியின் மகள் பக்கத்தில் வந்தாள்.

"அங்கிள், எல்லாரும் மாத்தி மாத்திக் கயிறு பிடிக்கிறாங்க. நீங்க ஏன் பிடிக்கல?"

குழந்தைகளுக்குக் கேள்வி கேட்க யார் சொல்லித் தருகிறார்களோ!

எழுந்து நின்றேன். எல்லோரும் இருந்தார்கள். "ஒரு விஷயம் சொல்லணும்" என்று ஆரம்பித்து, போன், லோன், இரண்டு விநாடி எல்லாவற்றையும் சொன்னேன். "தப்பு அவனோடது இல்ல. என்னோடது. இத்தனை வருஷம் சொல்லல." ஒரு நிமிஷத்தில் முடிந்துவிட்டது.

யாரும் பேசவில்லை. மாஸ்டர்தான் முதலில் வாயைத் திறந்தார். "அன்னிக்கே உன் உள்ளங்கைக் காயத்தைப் பார்த்தேன்பா. பிரேக் கை கயிறுல இருந்தா அந்த இடத்துல சுடாது. நீயா சொல்லணும்னு இருந்தேன்."

பல்லியைப் பார்த்தேன். அவன் பாறையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"கோவம் இல்லாம இல்லடா" என்றான் மெதுவாக. "ஆறு மாசம் இருந்துச்சு. அப்புறம், நீ போன்ல கூப்புட மாட்டியான்னு இருந்துச்சு. அது ரொம்ப நாள் இருந்துச்சு."

அதற்கு நான் என்ன சொல்ல? ஒன்றும் சொல்லவில்லை.

அவன் ஹார்னஸை மாட்டினான். முடிச்சைப் போட்டு இருமுறை சரிபார்த்தான். மாஸ்டர் கயிற்றை எடுக்கக் குனிந்தார். "நீங்க இருங்க மாஸ்டர்" என்று கயிற்றை வாங்கி என் முன்னால் நீட்டினான்.

"மொதல்ல அந்தப் போனை ஆஃப் பண்ணிப் பாப்பாகிட்ட குடு."

கொடுத்தேன். அவள் அதை முறுக்கு டப்பாவுக்குள் போட்டு மூடினாள். பல்லி என் கருவியைப் பார்த்தான். நான் அவன் முடிச்சைப் பார்த்தேன்.

"பிலே?"

"ஆன்" என்றேன். குரல் கொஞ்சம் உடைந்தது. தேனீக்களுக்குப் பயந்து என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஏறினான். கால் பழைய கால் இல்லை, ஆனால் ஆள் பழைய பல்லிதான். அதே முப்பதடி உயரத்தில் ஒரு இடத்தில் நின்று, "புடி!" என்று சொல்லிவிட்டு, வேண்டுமென்றே இரண்டு கையையும் விட்டான். கயிறு விண்ணென்று இழுத்தது. என்னை அரையடி மேலே தூக்கியது. வலது கை இருந்த இடத்திலேயே இருந்தது. மேலேயிருந்து தலையைத் திருப்பி மகளுக்குக் கையசைத்தான்.

பத்து மணிக்கு வெயில் விரட்டியது. கொல்லைக்காரர் கொடுத்த மோரைக் குடித்தோம். எங்கள் குப்பையோடு யாரோ போட்ட குப்பையும் சேர்த்து இரண்டு சாக்கு கட்டினோம். அடுத்த ஜனவரிக்கும் இதே இடம் என்று முடிவாயிற்று.

முறுக்கு டப்பாவிலிருந்து போனை எடுத்து ஆன் செய்தேன். ஆன் ஆன கையோடு அடித்தது.

"சார், உங்களுக்குப் பர்சனல் லோன் தேவைப்படுதா?"

"வேண்டாம்மா, இப்பதான் ஒரு பழைய கடனைக் கட்டிட்டு வர்றேன்" என்றேன்.