விற்காத மாதத்தின் கணக்கு

மானாவாரிச் சீமையில் வணிகமும் மானாவாரியே. எம்.ரெட்டியபட்டியைச் சுற்றியுள்ள கரிசல் காடுகளில் ஐப்பசி மழையை நம்பிப் பயிரிட்ட மிளகாயும் மல்லியும் தை முதல் சித்திரை வரை களத்திற்கு வரும். அவற்றை வாங்கி மூடை கட்டி அனுப்பும் சிறு வியாபாரிக்கும் அதுவே அறுவடைக் காலம். அதன் பின்னர் தராசு சும்மா தொங்கும்.

இத்தகைய வியாபாரி ஒருவரை நாம் அறிவோம். வேறு மாநிலத்திற்குச் சரக்கு விற்போர், விற்றுமுதல் சிறிதாயினும், சரக்கு மற்றும் சேவை வரிச் சட்டப்படி பதிவு பெற்றாக வேண்டும். அவரும் பெற்றிருந்தார். விற்ற மாதங்களுக்கு ஒழுங்காக வரி கட்டினார். விற்காத மாதங்களிலோ, “ஒன்றுமில்லாததற்கு என்ன கணக்கு?” என்று இருந்துவிட்டார். சட்டமோ, ஒன்றுமில்லை என்பதையும் எழுதித் தரச் சொல்கிறது. மாதக் கணக்கு தருவோர் தொடர்ந்து 6 மாதங்கள் தராவிடில் பதிவை ரத்து செய்யலாம் என்பது விதி. நமது காட்டின் ஓய்வுக் காலமும் ஏறக்குறைய அவ்வளவே என்பதைச் சட்டம் எழுதியோர் எண்ணிப் பார்த்திருக்க மாட்டார்கள்.

காரணம் கேட்டு அறிவிப்பு வந்தது. மறுமொழி தர 7 வேலை நாள்கள். ஆனால் அது வீட்டுக் கதவைத் தட்டவில்லை. பதிவு செய்து கொடுத்த கணினிக் கடைக்காரரின் மின்னஞ்சலுக்குச் சென்றது. தை பிறந்து முதல் லாரியில் சரக்கு ஏற்றும் வேளையில், வாங்குபவர் தொலைபேசியில் சொல்லித்தான் இவருக்கே தெரிந்தது: “அண்ணாச்சி, உங்க நம்பர் செத்துப் போச்சே!” வரிப் பட்டியல் இல்லாத சரக்கை அவர் ஏற்கவில்லை. களத்தில் மிளகாய் அளந்து கொடுத்த விவசாயிகளுக்குத் தவணை சொல்ல இயலுமா? மனைவியின் சங்கிலி அடகுக்குப் போயிற்று.

அரசைக் குறை கூறுதல் எளிது. போலிப் பட்டியல் எழுதிப் பொதுப் பணத்தைச் சுரண்டுவோரும் இதே பதிவைத்தான் பயன்படுத்துகின்றனர். கணக்கு கேட்காமல் அவர்களைக் கண்டுபிடிப்பது எங்ஙனம்? (சுங்கச் சாவடியில் அமர்ந்திருந்த புனித மத்தேயு இதனை நன்கறிவார்.) தொண்டு நிறுவனங்களும் விலக்கல்ல. 2015ஆம் ஆண்டில் ஏறத்தாழ 9,000 நிறுவனங்கள், மூன்றாண்டுக் கணக்கு தராமையால் அயல்நாட்டு நன்கொடை பெறும் உரிமையை இழந்தன. ஆயினும் ஏய்த்தவனுக்கும் எழுதாதவனுக்கும் ஒரே தண்டனை என்பது நமக்கு நீதியாகத் தோன்றவில்லை.

சென்னை உயர்நீதிமன்றமும் இதனைச் சிந்தித்தது. சேலத்தைச் சார்ந்த சுகுணா கட்பீஸ் சென்டர் முதலியோர் தொடுத்த வழக்குகளில் 2022 ஜனவரி 31 அன்று அளித்த தீர்ப்பில், இவர்களை வரி வளையத்திற்கு வெளியே நிறுத்துவதால் அரசுக்கும் பயனில்லை என்றும், தொழில் செய்யும் உரிமை அரசியலமைப்பு தந்தது என்றும் கூறிற்று. நிலுவைக் கணக்குகளை 45 நாள்களுக்குள் தந்து, வரியும் வட்டியும் தாமதக் கட்டணமும் செலுத்தினால் பதிவு உயிர் பெறும் என்று ஆணையிட்டது. ரத்தை நீக்கக் கோரும் கெடுவும் முன்பு 30 நாள்களாக இருந்தது, 2023 அக்டோபர் முதல் 90 நாள்களாயிற்று.

நமது வியாபாரி அக்கெடுவுக்குள் விண்ணப்பித்தார். நீதிமன்றம் செல்ல வேண்டியிருக்கவில்லை. ஆனால் பதிவு மீளும்போது மாசி பாதி கழிந்து, மிளகாய் விலை இறங்கிவிட்டிருந்தது.

அன்பு வாசகர்களே, உங்களுள் கடை வைத்திருப்போர், பதிவில் எவருடைய மின்னஞ்சலும் கைப்பேசி எண்ணும் உள்ளன என்று இவ்வாரமே பார்த்துவிடுங்கள். விற்பனையற்ற மாதத்தின் வெற்றுக் கணக்கை, பதிவு செய்த கைப்பேசியிலிருந்து 14409 என்ற எண்ணுக்குக் குறுஞ்செய்தியாக அனுப்பும் வசதி 2020 ஜூனிலேயே வந்துவிட்டது. முதியவர்களுக்கு இதனைச் செய்து காட்ட, பங்கின் இளைஞர் இருவர் ஞாயிறு திருப்பலிக்குப் பின் ஆலய முகப்பில் இருப்பார்கள்.