கண்ணைக் கேட்டவருக்குக் கோல்

துக்கம் விசாரிக்க வருகிறவர்கள் கையோடு ஒரு வாக்கியமும் கொண்டுவருவார்கள். "எல்லாம் அவன் செயல், மனசைத் தேத்திக்கோ." சொல்பவரிடம் கெட்ட எண்ணம் ஏதும் இல்லை, சாவு வீட்டில் வேறென்னதான் சொல்வது? ஆனால் அதைக் கேட்டுக் கேட்டு, கடவுளை நம்புவது என்றால் வாயை மூடிக்கொள்வது என்று நமக்குப் பழகிவிட்டது. அழலாம். ஏன் என்று கேட்டால் பாவம்.

என் அண்ணன் சின்ன வயதில் இறந்தபோது அம்மா அப்படி இருக்கவில்லை. விளக்கேற்றுவதை நிறுத்தவில்லை, ஏற்றிவிட்டு முருகன் படத்துக்கு முன்னால் நின்று திட்டுவாள். "கண்ணு அவிஞ்சு போச்சா உனக்கு? உன் கோயில்ல மொட்டை போட்ட புள்ளைதானே அவன்?" பக்கத்து வீட்டுப் பெரியம்மா பதறுவார். அம்மாவுக்கு நம்பிக்கை போய்விட்டது என்று உறவில் பேசிக்கொண்டார்கள். போயிருந்தால் விளக்கு எதற்கு?

சுந்தரரைத்தான் எனக்கு நினைக்கத் தோன்றும். திருவொற்றியூரில் மகிழ மரத்தடியில், சங்கிலியாரைப் பிரிய மாட்டேன் என்று சத்தியம் செய்தவர், திருவாரூர் ஞாபகம் வந்ததும் கிளம்பிவிட்டார். ஊர் எல்லையைத் தாண்டியதும் இரண்டு கண்ணும் போயிற்று என்கிறது பெரியபுராணம். தப்பு அவர்மேல்தான், அது அவருக்கும் தெரியும். இருந்தும் சிவனிடம் வழக்காடுகிறார். திருவெண்பாக்கத்துப் பதிகத்தில் அவர் வாதம் ஏறக்குறைய இப்படிப் போகிறது: நீ பொறுத்துக்கொள்வாய் என்கிற தைரியத்தில்தானே தப்பு செய்தேன், கண்ணை மறைத்துவிட்டாயே, கோயிலுக்குள் இருக்கிறாயா இல்லையா? இருக்கிறோம், நீர் போகலாம் என்கிற மாதிரி உள்ளேயிருந்து ஒரு பதில் வருகிறது. கேட்டது கண், கிடைத்தது ஊன்றுகோல்.

அந்தப் பழைய ஊர் இப்போது பூண்டி நீர்த்தேக்கத்துக்குள் இருக்கிறது. கோயிலைக் கரைப் பக்கம் எடுத்துக் கட்டியிருக்கிறார்கள். சுவாமி பெயர் ஊன்றீஸ்வரர். நந்திக்கு ஒரு கொம்பு உடைந்திருக்கும். சுந்தரர் ஆத்திரத்தில் வீசிய கோல் பட்டு உடைந்தது என்பது ஊர்ப் பேச்சு. எனக்கு இது பிடிக்கும். வீசிய கோலைத் தடவித் தேடி எடுத்துக்கொண்டுதானே காஞ்சிபுரம் வரை போயிருக்க வேண்டும்!

காஞ்சியில் இடக்கண் வந்தது. அதோடு அவர் விடவில்லை. வலக்கண்ணுக்காகத் திருவாரூரில் பாடியது இன்னும் காரம்; அடியார் அழுதால் உமக்கென்ன, நீர் சௌக்கியமாக இரும் என்கிற தோரணையில் பாட்டுக்குப் பாட்டு குத்தல். இதை யாரும் மறைத்துவைக்கவில்லை. ஏழாம் திருமுறையில் சேர்த்து, ஓதுவார்கள் சன்னதியிலேயே பாடுகிறார்கள்.

விவிலியத்து யோபுவும் இந்தச் சாதிதான். பிள்ளைகளைப் பறிகொடுத்தவர் அவர். ஏழு நாள் பேசாமல் கூட உட்கார்ந்திருந்த நண்பர்கள், வாயைத் திறந்ததும் கடவுளுக்கு வக்காலத்து வாங்க ஆரம்பிக்கிறார்கள். நீ ஏதோ பாவம் செய்திருக்கிறாய் என்கிறார்கள். யோபு விடாமல் கடவுளையே வழக்குக்கு இழுக்கிறார். கடைசியில் கடவுளின் கோபம் நண்பர்கள்மேல் திரும்புகிறது. தம்மைப் பற்றிச் சரியாகப் பேசியவன் யோபுதான் என்கிறார்.

ஆனால் சுந்தரருக்குக் கண் வந்தது. யோபுவுக்கு மறுபடி பிள்ளைகள் பிறந்தார்கள். (இதில் எனக்குச் சமாதானம் இல்லை, செத்த பிள்ளைக்குப் புதுப் பிள்ளை ஈடா?) அம்மாவுக்கு அண்ணன் வரவில்லை. ஒரு கோலாவது கிடைத்ததா என்றால், பேரப்பிள்ளைகளைக் காட்டி இதோ என்று சொல்லிவிடலாம். அதுவும் துக்கம் விசாரிக்க வந்தவர் பேச்சாகத்தான் இருக்கும். எனக்குத் தெரிந்ததெல்லாம், அவள் வசவு நாளடைவில் சில்லறை முறையீடுகளாக மாறியதுதான். முழங்கால் வலி, ரேஷன் கடையில் பருப்பு இல்லாதது, மருமகள் போன் பண்ணாதது எல்லாம் அந்தப் படத்திடம்தான் போகும். திட்டிய காலத்தில் பேச்சு அறுந்துபோகாமல் இருந்ததால்தான் இது முடிந்தது என்று நினைக்கிறேன். அடக்கமாக எல்லாவற்றையும் விழுங்கிக்கொண்ட சிலர், பிறகு சாமி அறைப் பக்கமே போகாமல் இருப்பதைப் பார்த்திருக்கிறேன்.

ரொம்ப நாள் கழித்து, எங்கள் தெருவில் குழந்தையைப் பறிகொடுத்த ஒரு பெண் மாரியம்மன் பெயரைச் சொல்லிக் கத்தியபோது, சுற்றியிருந்தவர்கள் அவள் வாயைப் பொத்தப் போனார்கள். அம்மா அவர்கள் கையை விலக்கிவிட்டாள்.

"விடுங்கடி. ஆத்தாகிட்ட கேக்காம வேற யாருகிட்ட கேப்பா?"