உம்மாவின் குத்திப் பேணி

உங்கள் வீட்டு அலுமாரிக்குள்ளும் ஒரு பழைய பேணி இருக்கும். உம்மாவோ உம்மம்மாவோ சேர்த்து வைத்த குத்திகள் அதில் கிடக்கும். "இதெல்லாம் இப்போ நல்ல விலை போகுமாம்" என்று யாராவது உங்களிடம் சொல்லியும் இருப்பார்கள். அப்படியொரு பேச்சால் எங்கள் வீட்டில் நடந்ததைக் கேளுங்கள்.

உப்புவெளியில் எங்கள் வீட்டுக் கூரை ஒழுகத் தொடங்கியிருந்தது. ஓடு மாற்றக் கையில் காசில்லை. அப்போதுதான் உம்மாவின் பேணி ஞாபகம் வந்தது. 2004 டிசம்பர் 26இல் கடல் வந்து போன பிறகு, சேற்றுக்குள் கையை விட்டு உம்மா தேடி எடுத்த பேணி அது.

உள்ளே இருந்தவை இவைதான்: தாளிப்பனை மரம் பொறித்த 1870ஆம் ஆண்டுச் செப்புச் சதங்கள், ஐந்தாம் ஜோர்ஜ் மன்னர் காலத்து வெள்ளி ஐம்பது சதங்கள் நாலு, தேய்ந்துபோன ஒரு தடித்த செப்புக் குத்தி.

கட்டாரில் வேலை செய்யும் தம்பி தொலைபேசியில் துள்ளினான். "ராத்தா, அமெரிக்காவில் குத்திக்குத் தரம் பார்த்துக் கொடுக்கிற கம்பனிகள் இருக்கு. அங்கே அனுப்புவோம். கட்டணத்தை நான் கட்டுறேன்."

அவன் சொன்னது பொய்யில்லை. பி.சி.ஜி.எஸ்., என்.ஜி.சி. என்ற கம்பனிகள் 1980களிலிருந்து இந்த வேலையைச் செய்து வருகின்றன. குத்தி அசலா போலியா என்று பார்ப்பார்கள். ஒன்றிலிருந்து 70 வரை புள்ளி போடுவார்கள். பிறகு இலக்கமிட்ட பிளாஸ்டிக் உறைக்குள் வைத்து மூடித் தருவார்கள். முகம் தெரியாத ஒருவர் தூர நாட்டிலிருந்து நம்பி வாங்க அது உதவும்.

ஆனால் நான் பென்சிலும் கொப்பியும் எடுத்துக் கணக்குப் பார்த்தேன். ஒரு குத்திக்குக் கட்டணம் இருபது டாலர் என்றே வையுங்கள். போகவும் வரவும் தபால் செலவு, காப்புறுதி வேறு. தேய்ந்த ஒரு செப்புச் சதம் விற்றால் அந்தக் கட்டணமே திரும்பி வராது. புள்ளி கூடினால் விலையும் பல மடங்கு கூடுகிற குத்திக்குத்தான் இந்தச் செலவு தகும்.

இன்னொன்றையும் வெட்கத்தோடு சொல்கிறேன். பேணியைத் திறந்த அன்றே பழப்புளியும் சாம்பலும் போட்டு, தும்பால் தேய்த்து எல்லாவற்றையும் பளபளக்க வைத்துவிட்டேன். பித்தளைக் குடத்துக்கு அது அழகு. குத்திக்கு அதுவே கேடு. தேய்த்துக் கழுவிய குத்திக்கு அந்தக் கம்பனிகள் புள்ளி போடுவதில்லை. "கழுவப்பட்டது" என்று எழுதித்தான் தருவார்கள். கறுத்துக் கிடந்த அந்தப் பழைய தோலுக்குத்தான் மதிப்பாம்!

தடித்த செப்புக் குத்தியில் ஒல்லாந்தர் கம்பனியின் முத்திரையும், அதற்கு மேலே 'டி' என்ற ஆங்கில எழுத்தும் தெரிந்தன. அந்த எழுத்து திருகோணமலையைக் குறிக்கும். 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் நம் ஊரிலேயே அடித்த காசு அது! தம்பிக்கு ஆசை இன்னும் கூடிவிட்டது. ஆனால் 1815 மார்ச் 2க்கு முற்பட்ட பொருட்கள் நம் நாட்டுச் சட்டப்படி தொல்பொருட்கள். தொல்பொருள் திணைக்களத்தின் அனுமதி இல்லாமல் அவற்றை வெளிநாட்டுக்கு அனுப்பக் கூடாது. தபால் உறைக்குள் ஒளித்து அனுப்பும் வேலை நமக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். இரண்டு நாள் அவன் என்னோடு பேசவில்லை.

வெள்ளிக் குத்திகள் நாலையும் கொழும்பில் குத்தி சேர்க்கும் ஒருவருக்கு விற்றோம். முதலாம் உலகப் போருக்கு முந்திய ஐம்பது சதம் 5.83 கிராம் எடை. அதில் 80 வீதம் வெள்ளி. நான் தேய்த்ததை மறைக்காமல் சொன்னேன். விலையைக் குறைத்தார், ஆனாலும் வெள்ளி விலைக்குக் கொஞ்சம் மேலேயே தந்தார். கட்டணத்துக்கென்று ஒதுக்கிய காசைத் தம்பி ஓட்டுக்கு அனுப்பிவைத்தான். இரண்டும் சேர்ந்து குசினிப் பக்கக் கூரை முடிந்தது.

சகோதரிகளே, உங்கள் பேணியில் யானை பொறித்த 1821ஆம் ஆண்டு வெள்ளி றிக்ஸ் டாலர் தேயாமல், கழுவாமல் இருந்தால், தரம் பார்ப்பதைப் பற்றி யோசியுங்கள். அதையும் திணைக்களத்திடம் கேட்ட பிறகே அனுப்புங்கள். மற்றபடி, முதலில் விவரம் தெரிந்த ஒருவரிடம் காட்டுங்கள். அதுவரை பழப்புளியைக் கறிக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

நம் ஊர்க் காசைக் கடதாசியில் சுற்றி, அது என்னவென்று எழுதி, திரும்பப் பேணிக்குள் வைத்திருக்கிறேன். என் மகள் ஒருநாள் திறக்கும்போது தேய்க்காமல் இருந்தால் போதும்.